பிஸ்கட் டின்னுக்குள் கிடக்கிற முடியாத தையல்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்டியோடு உட்கார்ந்து ஆறுதலாக வாசியுங்கள்.

தவணை விடுமுறை வந்தால் நம்ம பக்கத்து வீடுகளில் துப்பரவு வேலை தொடங்கிவிடும். அலுமாரிக்கு மேலே இருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் இறங்கும். உள்ளே க்ரொஸ் ஸ்டிச் போட்டு பாதியில் நின்ற ஒரு மேசை விரிப்பு. ஊசி குத்தினபடியே துருப்பிடித்திருக்கும். கூடவே போர்வை தைக்க என்று வெட்டி வைத்த துணித் துண்டுகள், சிக்கலாகிப்போன நூல். "இது யார் தைச்சது?" "உம்மும்மா போல." "எடுத்து வீசுங்க." இந்த மூன்று வசனத்தோடு அது முனிசிபல் குப்பை லொறிக்குப் போய்விடும்.

நான் வரலாறு படிப்பிக்கிறவள். அதனால் சொல்கிறேன்: அந்த டின்னில் இருப்பது ஒரு ஆவணம். சில நேரம் முடிந்த தையலை விட முடியாத தையல்தான் அதிகம் பேசும். எப்படி என்று இரண்டு உதாரணம் தருகிறேன்.

முதலாவது, இங்கிலாந்தில் இருந்தது. லண்டன் விக்டோரியா அன்ட் அல்பர்ட் நூதனசாலையில் ஒரு லினன் துணி பாதுகாக்கப்படுகிறது. அதில் பூ இல்லை, பறவை இல்லை, ஓரத்தில் கரை கூட இல்லை. சிவப்பு நூலில், சின்னச் சின்ன க்ரொஸ் ஸ்டிச்சால் வரிக்கு வரி எழுத்து மட்டும். தைத்தவர் எலிசபெத் பார்க்கர். 1813இல் சசெக்ஸ் பகுதியில் பிறந்த ஒரு ஏழைக் கூலிக்காரரின் மகள். சின்ன வயதிலேயே வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். ஏறக்குறைய 1830இல், தனக்கு எழுத வராது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, வேலை வீட்டில் பட்ட கொடுமையையும், உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்த நேரத்தையும் ஊசியால் சொல்லிக்கொண்டு போகிறார். கடைசியில், தன் ஆன்மாவின் கதி என்னவாகும் என்று கேட்கும் இடத்தில் வசனம் பாதியிலேயே நிற்கிறது. அதற்குக் கீழே வெறும் துணி.

பார்க்கிறவர்கள் எல்லோரும் நினைத்தது ஒன்றுதான்: இந்தப் பிள்ளை அதோடு முடிந்துபோயிருக்கும். ஆனால் ஆய்வாளர்கள் ஊர்ப் பதிவேடுகளைத் தேடிப் பார்த்தபோது வேறு கதை கிடைத்தது. அவர் 1889 வரை வாழ்ந்திருக்கிறார். அதுவும் என்னவாக? தன் ஊரிலேயே ஒரு பாடசாலை ஆசிரியையாக! தையல் நின்றது, வாழ்க்கை நிற்கவில்லை. முடியாத வேலையைக் கண்டால் "பாவம், கைவிட்டுவிட்டாள்" என்று உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி இது.

இரண்டாவது உதாரணம் பெட்ச் வேர்க் போர்வை. ஆங்கிலேய வீடுகளில் இதைத் தைத்த முறை இப்படி: முதலில் காகிதத்தை அறுகோணமாக வெட்டுவார்கள். அதன் மேல் துணியை மடித்து நூலோடி வைப்பார்கள். அப்படி நூற்றுக்கணக்கான துண்டுகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்த பிறகு, உள்ளே இருக்கிற காகிதத்தை உருவி எடுத்துவிடுவார்கள். காகிதம் விலை கூடிய காலம் அது. அதனால் பழைய கடிதம், கணக்குத் தாள், பிள்ளைகளின் கொப்பி என்று கையில் கிடைத்ததைத்தான் வெட்டினார்கள்.

முடிந்த போர்வையில் பெரும்பாலும் அந்தக் காகிதம் இருக்காது. முடியாத போர்வையில்தான் அப்படியே இருக்கும். இன்று நூதனசாலைக்காரர்கள் அந்தப் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பிப் பார்க்கிறார்கள். ஒரு காகிதத்தில் 1837 என்று திகதி இருந்தால், அந்தத் துண்டு 1837க்கு முன் தைக்கப்படவில்லை என்பது உறுதி. பிறகு எத்தனை வருடம் கழித்தும் தைத்திருக்கலாம். ஓ.எல். பிள்ளைகளுக்கு நாணயத்தை வைத்துக் காலம் கணிப்பது பற்றிச் சொல்லிக் கொடுக்கிறோமே, அதே கணக்குத்தான் இதுவும்.

இனி, இந்த க்ரொஸ் ஸ்டிச் நம்மிடம் எப்படி வந்தது?

குறுக்கே இரண்டு தையல் போட்டுப் பூ எடுக்கிற வேலை யாருடைய தனிச் சொத்தும் இல்லை. பலஸ்தீனப் பெண்கள் அதை தத்ரீஸ் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். உடுப்பின் நெஞ்சுப் பகுதியில் இருக்கிற கோலத்தைப் பார்த்தே எந்த ஊர்க்காரி என்று சொல்லிவிடுவார்கள். 1948இல் ஊரை இழந்து முகாம்களுக்குப் போனபோதும் அந்த ஊர்க் கோலம் துணியோடு கூடப் போனது. 1987இல் இன்திபாழா தொடங்கிய பிறகு, கொடியைத் தூக்கத் தடை இருந்த காலத்தில், அதே நிறங்களை உடுப்பிலேயே தைத்துப் போட்டுக்கொண்டார்கள். 2021இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

இலங்கையில் நம் வீடுகளுக்கு அது பெரும்பாலும் ஐரோப்பிய வழியாக, மிஷன் பாடசாலையும் கடையும் சேர்ந்து கொண்டு வந்த வேலை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் கட்டம் போட்ட தாளில் நிறம் தீட்டிய மாதிரிகளை அச்சடித்து விற்கத் தொடங்கினார்கள். கட்டத்தை எண்ணத் தெரிந்தால் போதும், படம் வரையத் தெரியத் தேவையில்லை. பிரான்சில் முல்ஹவுஸ் நகரில் 1746இல் தொடங்கிய டீ.எம்.சி. கம்பனியின் நூல் உலகம் முழுக்கப் போனது. 1886இல் தெரேஸ் த டில்மோன்ட் என்ற பெண் எழுதிய ஊசி வேலைக் கலைக்களஞ்சியம் பல மொழிகளில் வந்தது. 1877இல் சிங்கர் கம்பனி இலங்கையில் கடை திறந்தது. பிறகு மெஷின் வீட்டுச் சாமான் ஆகி, சீதனப் பட்டியலிலும் ஏறியது.

பாடசாலையும் இதில் பங்குகாரர். இங்கிலாந்தில் 1862இல் வந்த கல்விச் சட்டக் கோவை பெண் பிள்ளைகளுக்குத் தையலைக் கட்டாயமாக்கியது. குடியேற்ற நாடுகளிலும் பெண் கல்வி என்றால் வாசிப்பு, எழுத்து, ஊசி என்ற மூன்றும் சேர்ந்தே வந்தன.

நம்ம சமூகத்தின் கதை இங்கே கொஞ்சம் வேறு. சித்தி லெப்பை அவர்கள் 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கி, பெண் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்று வாதாடினார். 1892இல் மருதானையில் ஸாஹிரா எழும்பியது. ஆனால் அது ஆண் பிள்ளைகளுக்கு. பெண் பிள்ளைகளில் பலர் பெரிய பிள்ளை ஆனதும் வீட்டோடு நின்றார்கள். பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி தொடங்கியது 1946இல்தான். கேரளாவிலிருந்து மருமகளாக வந்த ஆயிஷா றவூப் அதன் முதல் அதிபர். அதற்கு முந்திய தலைமுறைக்கு, பாடசாலை நின்ற நாளுக்கும் கலியாண நாளுக்கும் இடையில் இருந்த வருடங்களை நிரப்பியது ஊசியும் நூலும்தான். தலையணை உறை, மேசை விரிப்பு, தொட்டில் போர்வை.

இதை யோசித்துப் பாருங்கள். அந்தத் தலைமுறைப் பெண்களில் எத்தனை பேரின் கையெழுத்து நம்மிடம் இருக்கிறது? காணி உறுதியில் வாப்பாமாரின் ஒப்பம் இருக்கிறது. கடைக் கணக்கில் நானாமாரின் எழுத்து இருக்கிறது. உம்மும்மாமாரின் கையால் ஆனது என்று மிஞ்சியிருப்பது பல வீடுகளில் அந்த டின் ஒன்றுதான்.

அது ஏன் முடியாமல் நின்றது என்பதும் வரலாறுதான். கலியாணம் முடிந்திருக்கும். பிள்ளை பிறந்திருக்கும். கண் மங்கியிருக்கும். யாராவது மௌத்தாகி வீட்டுப் பொறுப்பு தலையில் விழுந்திருக்கும். சிலருக்கு அது கையிலிருந்தே பறிக்கப்பட்டது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். அங்கே தையல் தொழில் பல முஸ்லிம் குடும்பங்களின் சோறு. சோனகத்தெருவில் மெஷினில் பாதி தைத்தபடி விட்டு வந்த துணிகளை இனி யாரும் முடிக்க முடியாது. இருந்த துணியாவது மிச்சமிருக்கிற நாம், அதை நம் கையாலேயே வீசுவதா?

இன்றைக்கு நின்றுபோவதற்குக் காரணம் வேறு. 1977க்குப் பிறகு இந்த நாட்டுப் பெண்களின் விரல்கள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போயின. 1992இல் 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் வந்தது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான கொலர் தைக்கிறவளுக்கு வீட்டுக்கு வந்து தனக்கென்று ஒரு பூ தைக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. மறுபக்கம், புறக்கோட்டையில் போர்வை மலிவாகவே கிடைக்கிறது. அப்படியென்றால் ஏன் தைக்க வேண்டும்?

இதற்குக் கர்நாடகத்தில் இருக்கிற சித்திப் பெண்களிடம் ஒரு பதில் இருக்கிறது. (நம்ம சித்தி லெப்பைக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பெயர் மட்டும்தான் ஒன்று.) பல நூற்றாண்டுக்கு முன் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். முஸ்லிம், ஹிந்து, கிறிஸ்தவர் என்று மூன்று பிரிவும் அவர்களில் உண்டு. பழைய சாரி, கிழிந்த சட்டை எல்லாவற்றையும் சேர்த்து கவந்தி என்ற போர்வை தைப்பார்கள். ஓரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கிச் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிப்பார்கள். எல்லாம் முடிந்த பிறகும் நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியை வைத்துத் தைக்க வேண்டும். அதற்குப் பெயர் ஃபூலா, அதாவது பூ. அது இல்லாத போர்வை அம்மணமானது என்பார்கள். குளிருக்கு அந்த மூலைத் துணி ஒரு பிரயோசனமும் இல்லை. ஆனால் அது இருந்தால்தான் வேலை முடிந்தது என்று கணக்கு. கடையில் வாங்குகிற போர்வைக்கு அந்தப் பூவை யாரும் வைத்துத் தரமாட்டார்கள்.

சரி, டின்னை இறக்கிவிட்டீர்கள். இனி என்ன செய்வது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முதலில் ஒன்றையும் கழுவ வேண்டாம். வெளிச்சத்தில் விரித்து முன்பக்கமும் பின்பக்கமும் போட்டோ எடுங்கள். துருப்பிடித்த ஊசியை மெதுவாக எடுத்துவிடுங்கள். துரு துணியைத் தின்றுவிடும்.

2. தையலைப் படியுங்கள். க்ரொஸ் ஸ்டிச்சில் மேலே வருகிற தையல் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு இடத்தில் சாய்வு மாறினால், அங்கிருந்து வேறொரு கை தைத்திருக்கக் கூடும். உம்மாவின் துணியில் சாச்சியின் கை இருக்கலாம். வீட்டில் வயதானவர்களைக் கேளுங்கள், கதை வரும்.

3. நூல் லேபலை வீச வேண்டாம். டீ.எம்.சி. போன்ற நூல்களில் நிறத்துக்கு இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தைச் சொல்லிக் கடையில் கேட்கலாம். அதே நிறம் கிடைக்காவிட்டால் பொய்யாகப் பொருத்தப் பார்க்காமல், கொஞ்சம் வேறான நிறத்திலேயே தையுங்கள். பிறகு வருகிறவர்களுக்கு எது உம்மும்மாவின் தையல், எது உங்கள் தையல் என்று தெரியும்.

4. ஒரேயடியாக முடிக்க நினைத்தால் திரும்பவும் அலுமாரிக்கு மேல்தான் போகும். ஒரு நாளைக்கு ஒரு நூல் நீளம் என்று வையுங்கள். இஷாவுக்குப் பிறகு பத்து நிமிடம் போதும். நிறுத்தும்போது அடுத்து எண்ண வேண்டிய கட்டத்தை மாதிரித் தாளில் பென்சிலால் அடையாளம் போடுங்கள். பாதியில் விட்ட வேலைக்குத் திரும்ப முடியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் சோம்பல் இல்லை, விட்ட இடம் தெரியாததுதான்.

5. பெட்ச் வேர்க் துண்டுகளுக்குள் காகிதம் இருந்தால் உருவ வேண்டாம். முதலில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வாசித்து, படம் எடுத்து, பிறகு முடிவு செய்யுங்கள்.

6. முடிக்க மனம் இல்லையா? பரவாயில்லை. முடிக்காமலேயே வைக்கலாம். பழைய பருத்தித் துணியில் சுற்றி, பொலித்தீன் இல்லாமல், ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். கூடவே ஒரு துண்டுத் தாளில் தைத்தவரின் பெயர், ஏறக்குறைய எந்த வருடம், எந்த வீட்டில் என்று பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை துணியில் ஊறும்.

ஆறில் ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் கடைசியில் சொன்ன அந்தத் துண்டுத் தாளை மட்டும் எழுதுங்கள். எலிசபெத் பார்க்கரின் பெயர் தெரிந்திருந்ததால்தான், அவர் பிறகு ஒரு டீச்சராக வாழ்ந்தார் என்று நமக்குத் தெரிந்தது. உங்கள் உம்மும்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியும். உங்கள் பேரப்பிள்ளைக்கு யார் சொல்வது?

இந்த விடுமுறையில் யார் வீட்டு டின்னிலாவது இப்படி ஏதாவது இருந்தால், வீசுவதற்கு முன் எனக்குக் காட்டுங்கள். பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்து பார்க்கிறேன்.

வஸ்ஸலாம்.