புனித உர்சுலாவின் மறைசாட்சியம் (ஓவியம்)

புனித உர்சுலாவின் மறைசாட்சியம், இத்தாலிய பரோக் ஓவியர் மிக்கேலாஞ்சலோ மெரிசி தா கரவாஜ்ஜோ (1571–1610) 1610-இல் நேப்பிள்ஸ் நகரில் கித்தானில் தீட்டிய எண்ணெய் வண்ண ஓவியம். ஏறத்தாழ 143 செ.மீ. உயரமும் 180 செ.மீ. அகலமும் கொண்டது. அவருடைய கடைசி ஓவியம் இதுவே என்பது பெரும்பாலான கலை வரலாற்றாளர்களின் கருத்து. நீண்டகாலம் வேறொருவர் படைப்பாகக் கருதப்பட்ட இது, 1980-இல் வெளியான ஓர் ஆவணத்தால் கரவாஜ்ஜோவுடையது என்று உறுதியானது.

கதைப் பின்புலம்

இடைக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்த புனைவின்படி, உர்சுலா ஒரு கிறித்தவ இளவரசி. பதினோராயிரம் கன்னியரோடு ரோமுக்குத் திருப்பயணம் சென்று திரும்பும் வழியில், கொலோன் நகரை முற்றுகையிட்டிருந்த ஹூணர்களிடம் அக்கூட்டம் சிக்கியது. உடன் வந்தவர்கள் கொல்லப்பட்டனர். உர்சுலாவின் அழகில் மயங்கிய ஹூண அரசன் அவளை மணக்க விரும்பினான். அவள் மறுக்கவே அம்பெய்து கொன்றான். கதைக்கு வரலாற்றுச் சான்று குறைவு என்பதால், 1969-இல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியிலிருந்து அவரது விழாவை நீக்கியது. அவர் நினைவுநாள் அக்டோபர் 21.

காட்சி அமைப்பு

இக்கதையை வரைந்த முந்தைய ஓவியர்கள் கப்பல்களையும் கன்னியர் கூட்டத்தையும் நகர மதில்களையும் விரிவாகக் காட்டினர். வெனிசின் கர்ப்பாச்சோவும் பிரூஜ் நகரின் மெம்லிங்கும் அவ்வாறே தொடர்காட்சிகளாக அமைத்தனர். கரவாஜ்ஜோ அவை அனைத்தையும் விலக்கி, அம்பு தைத்த கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். உருவங்கள் முழு உடலாக இன்றி, பார்ப்பவருக்கு மிக அருகில் நெருக்கியடித்து நிற்கின்றன.

இடப்புறம் வில்லோடு நிற்கும் அரசன் முகத்தில் சினமும் செய்துவிட்டதன் திகைப்பும் கலந்திருக்கின்றன. அம்பு பறந்த தொலைவு என்று சொல்ல அங்கே இடமே இல்லை. கையெட்டும் தூரத்தில் உர்சுலா நிற்கிறாள். சிவப்பு மேலாடைக்கு மேல் வெளிறிய முகம். இரு கைகளையும் காயத்தருகே வைத்துத் தலைகுனிந்து அதையே பார்க்கிறாள். அலறலோ, வானத்தை நோக்கிய பார்வையோ, முடியேந்தி இறங்கும் வானதூதரோ இல்லை. மறைசாட்சியரைப் பரவச நிலையில் காட்டும் பரோக் வழக்கத்திலிருந்து இது விலகி நிற்கிறது. அவளுக்குப் பின்னால் வாய் சற்றே திறந்தபடி எட்டிப் பார்க்கும் மனிதன், ஓவியர் தன்னையே வரைந்துகொண்ட உருவம் எனக் கொள்ளப்படுகிறது.

உருவாக்கம்

1606-இல் ரோமில் ஒருவரைக் கொன்ற கரவாஜ்ஜோ, நேப்பிள்ஸ், மால்ட்டா, சிசிலி என்று தப்பியலைந்து 1609-இல் மீண்டும் நேப்பிள்சுக்கு வந்தார். அங்கே ஒரு விடுதியருகே தாக்கப்பட்டு முகத்தில் கடும் காயம் பட்டார். அதன்பின் வரையப்பட்ட ஓவியங்களுள் இதுவும் ஒன்று.

இதை வரையச் சொன்னவர் ஜெனோவா நகரச் செல்வந்தர் மார்க்கந்தோனியோ தோரியா. அவருடைய மனைவியின் முதல் மணத்து மகள் அன்னா கிரிமால்டி, நேப்பிள்ஸ் கன்னியர் மடத்தில் சேர்ந்து உர்சுலா என்ற பெயரை ஏற்றிருந்தார். புனிதரின் தேர்வுக்கு அதுவே காரணமாகக் கூறப்படுகிறது.

தோரியாவின் நேப்பிள்ஸ் முகவர் லான்பிராங்கோ மாசா, 1610 மே 11-இல் எழுதிய கடிதத்தில் ஒரு சங்கடத்தைத் தெரிவித்தார். சீக்கிரம் உலரட்டும் என்று ஓவியத்தை வெயிலில் வைத்ததில், தடிமனாகப் பூசப்பட்டிருந்த வார்னிஷ் இளகிவிட்டது. மே 27-இல் கப்பலேறிய ஓவியம் ஜூன் 18-இல் ஜெனோவாவை அடைந்தது. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 18-இல், ரோமுக்குத் திரும்பும் முயற்சியில் இருந்த கரவாஜ்ஜோ போர்த்தோ எர்க்கோலேயில் இறந்தார்.

அடையாளம் மீண்ட விதம்

தோரியா குடும்பத்தில் வழிவழியாக இருந்த ஓவியம், 19-ஆம் நூற்றாண்டில் மீண்டும் நேப்பிள்ஸ் பகுதிக்கு வந்தது. அதற்குள் ஓவியர் பெயர் மறந்துபோய், 17-ஆம் நூற்றாண்டின் மத்தியா பிரேத்தி வரைந்ததாக நம்பப்பட்டது. 1972-இல் இத்தாலிய வணிக வங்கி ஒன்று வாங்கியபோதும் அந்தப் பெயரே இருந்தது. பாணியைக் கொண்டு கரவாஜ்ஜோவின் பெயரைச் சில அறிஞர்கள் முன்வைத்தாலும், மாசாவின் கடிதத்தை வின்சென்சோ பச்செல்லி 1980-இல் வெளியிட்ட பிறகே ஐயம் அகன்றது.

மீட்புப் பணியும் இன்றைய இடமும்

இளகிய வார்னிஷும் பிற்காலத்தார் சேர்த்த மேல்பூச்சுகளும் ஓவியத்தை மிகவும் இருளச் செய்திருந்தன. 2003–2004-இல் ரோமில் நடந்த மீட்புப் பணியில், அரசனுக்கும் உர்சுலாவுக்கும் நடுவே அம்பைத் தடுக்க நீண்ட ஒரு கை வெளிப்பட்டது. அரசனுக்கு அருகிலிருந்தே யாரோ தடுக்க முயன்றார், ஆனால் பிந்திவிட்டார் என்னும் பொருள் இதனால் காட்சியில் மீண்டும் தெளிவாயிற்று.

ஓவியம் இப்போது இந்தேசா சான்பாவ்லோ வங்கிக்குச் சொந்தம். நேப்பிள்சின் தொலேதோ சாலையில் உள்ள அதன் கலைக்கூடத்தில் வைக்கப்பட்டுள்ளது. 2024-இல் லண்டன் தேசிய கலைக்கூடம் இதை மையமாகக் கொண்டு, மாசாவின் கடிதத்தையும் உடன் வைத்துக் கண்காட்சி நடத்தியது.