ஆங்கிலத் தொடரில் தொங்கும் அடை: வரலாறும் திருத்தமும்

ஆங்கிலத் தொடரின் தொடக்கத்தில் வரும் வினைப்பகுதி, தனக்குரிய எழுவாயைச் சேராமல் வேறொன்றைப் பற்றிக்கொண்டு நிற்பதை ஆங்கில இலக்கண நூல்கள் 'டாங்ளிங் மாடிஃபையர்' என்கின்றன. தமிழில் இதனைத் தொங்கும் அடை எனலாம். 'வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி ரெயின் ஸ்டார்ட்டட்' என்று ஒரு மாணவர் எழுதினால், ஆங்கில இலக்கணப்படி நிலையத்துக்கு நடந்து சென்றது மழை. எழுதியவர் மனத்தில் இருந்த 'நான்' தொடரில் எங்கும் இல்லை.

இவ்வழக்கு மிகப் பழையது. 1600ஆம் ஆண்டை ஒட்டி எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், இறந்த மன்னனின் ஆவி தன் சாவைப் பற்றி நாட்டில் பரப்பப்பட்ட செய்தியைச் சொல்கிறது. தோட்டத்தில் உறங்குகையில் பாம்பு தீண்டியது என்பதே அச்செய்தி. மூலத் தொடரைச் சொல் சொல்லாகப் பகுத்தால் உறங்கியது பாம்பு என்றுதான் வரும். (நாடகத்தின்படி அச்செய்தியே பொய், மன்னனைக் கொன்றவன் அவனுடைய தம்பி.)

இதைக் குற்றமாக எண்ணித் தெளிவான விதி வகுத்தவற்றுள் இருபதாம் நூற்றாண்டின் நூல்கள் முக்கியமானவை. ஃபவுலர் சகோதரர்கள் 1906இல் வெளியிட்ட 'தி கிங்ஸ் இங்கிலிஷ்' இதனை ஒட்டாத எச்சம் என்ற பொருள்படும் பெயரால் ஆராய்ந்தது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க், 1918இல் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு கையேட்டில், தொடர் முதலில் வரும் எச்சம் அத்தொடரின் எழுவாயையே குறிக்க வேண்டும் என்பதைத் தனி விதியாக வைத்தார்.

இந்திய மாணவர்களிடம் விதியைக் கொண்டுவந்து சேர்த்தது ரென் அண்டு மார்ட்டின் இலக்கண நூல். இதன் ஆசிரியருள் ஒருவரான பி. சி. ரென் பம்பாய் மாகாணக் கல்வித் துறையில் பணியாற்றியவர். 'போ ஜெஸ்ட்' என்ற புகழ்பெற்ற நாவலை எழுதியவரும் அவரே. வாயிலில் நின்றவரைத் தேள் கொட்டியதைச் சொல்லப்போய், தேளையே வாயிலில் நிறுத்திவிடும் எடுத்துக்காட்டு ஒன்று அந்நூலில் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பல தலைமுறை மாணவர்கள் அந்தத் தேளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். சிரித்துவிட்டு அடுத்த கட்டுரையில் அதே பிழையைச் செய்தும் இருக்கிறார்கள்.

அதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. தமிழ் இலக்கணத்திலும் இந்த விதி இருக்கிறது, ஆனால் வேறு எல்லைகளோடு இருக்கிறது. செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்று வாய்பாட்டு வினையெச்சங்களும் தம் வினைமுதலின் வினையைக் கொண்டே முடியும் என்கிறது தொல்காப்பியம். நன்னூல் பன்னிரண்டு வாய்பாடுகளைக் கூறி, முதல் நான்கையும் இறுதி மூன்றையும் இவ்வாறு வரையறுக்கிறது. 'செய' முதலிய மற்றவை பிற வினைமுதலையும் ஏற்கும். ஆகவே 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்பதில் பெய்தது ஒன்று, நிறைந்தது வேறொன்று, குற்றமில்லை. 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்று வந்தாலும், 'பெய்ய' என்பது 'பெய்து' எனத் திரிந்து நின்றது என்று இலக்கணம் இடம் கொடுத்துவிடுகிறது. கால் ஒடிந்து விழுந்தான் என்பதும் சரியே. ஒடிந்தது கால், விழுந்தவன் ஆள். சினையின் வினை முதலொடு முடியலாம் என்பது தொல்காப்பியர் தரும் விலக்கு. அன்றாடப் பேச்சிலோ 'வீட்டுக்குப் போகும்போது மழை வந்தது' என்பதில் போனவர் யார் என்று எவரும் கேட்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்தில் எழுதிய ஜி. யு. போப் போன்றோர் வினையெச்சத்தை 'வெர்பல் பார்ட்டிசிப்பிள்' என்று பெயர்த்தனர். வேறு நல்ல சொல் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. ஆயினும் இரண்டும் ஒன்றே என்ற எண்ணம் வகுப்பறையில் ஊன்ற இப்பெயரும் துணைசெய்தது எனலாம். தமிழ் எச்சம் தரும் சலுகைகளை ஆங்கில எச்சம் தருவதில்லை என்பதைத் தனியே கற்பிக்க வேண்டியிருக்கிறது.

தேர்வுத் தாளில் இப்பிழைக்கு ஒரு மதிப்பெண் போகும். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டையில் அதன் விலை கூடுதல். உருக்காலை, வார்ப்படச் சாலை முதலியன நிறைந்த இப்பகுதியில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா பேசுவோர் அருகருகே வேலை செய்கின்றனர். இத்தகைய இடத்தில் விபத்தைக் கண்டவர் ஒரு மொழியில் சொல்ல, மேற்பார்வையாளர் இன்னொரு மொழியில் கேட்டு, அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதும் நிலை எளிதில் ஏற்படும். அவ்வாறு எழுதப்படும் ஒரு தொடரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்: 'ஹேவிங் ரிமூவ்டு தி கார்டு, தி ரோலர் காட் ஹிஸ் ஹேண்ட்.' காப்பை அகற்றிவிட்டு, உருளை அவர் கையைப் பிடித்தது என்பது இதன் சொற்பொருள். உருளை தன் காப்பைத் தானே அகற்றாது. அப்படியானால் அகற்றியவர் யார்?

படிப்பவர் அருகில் இருக்கும் 'அவர்' மீது அதை ஏற்றிவிடுவார். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, இயந்திரத்தின் ஆபத்தான பாகங்களுக்கு உறுதியான காப்பு அமைத்து, அவை இயங்கும்போது காப்பு அதனிடத்திலேயே இருக்கும்படி பேண வேண்டும் என்று விதித்தது. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர இயலாதபடி ஒருவர் காயமுற்றால் அறிவிப்புத் தர வேண்டும் என்றது 88ஆம் பிரிவு. மறுபுறம், ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் வராத தொழிலாளர்க்கு உரிய 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. தமக்குப் பாதுகாப்பாக வைக்கப்பட்டது என்று தெரிந்தும் தொழிலாளி வேண்டுமென்றே காப்பை அகற்றியிருந்தால், உயிரிழப்போ நிரந்தரமான முழு இயலாமையோ நேராத காயத்துக்கு முதலாளி இழப்பீடு தரத் தேவையில்லை என்றது அது. பழுது பார்த்தவர் கழற்றிப் பொருத்தாமல் போனாரா, காயமுற்றவரே கழற்றினாரா என்பதில் ஒரு குடும்பத்தின் பணம் இருக்கிறது. எழுவாயில்லாத ஓர் எச்சம் அக்கேள்விக்கு விடை சொல்லாமல், விடை சொன்னதுபோல் காட்டிவிடுகிறது.

பிழையைக் கண்டறியத் தொடர் முதலில் உள்ள எச்சத்தைப் பார்த்து 'யார்?' என்று கேட்க வேண்டும். காற்புள்ளிக்குப் பின்வரும் முதற்பெயர் அதற்கு விடையாகாவிட்டால் தொடர் பிழை. 'கன்சிடரிங்', 'ரிகார்டிங்' போன்ற சில சொற்கள் எச்சத் தன்மை இழந்து முன்னிடைச் சொற்களாகவே வழங்குவதால் அவற்றுக்கு இக்கேள்வி வேண்டியதில்லை.

திருத்த இரண்டு வழிகள் உண்டு. செய்தவரையே தலைமைத் தொடரின் எழுவாயாக்குவது ஒன்று: 'வாக்கிங் டு தி ஸ்டேஷன், ஐ காட் வெட்' என்றால் நடந்தவரும் நனைந்தவரும் ஒருவரே. எச்சத்தை விரித்து அதற்குத் தனி எழுவாய் கொடுப்பது மற்றொன்று: 'ஆஃப்டர் தி ஃபிட்டர் ரிமூவ்டு தி கார்டு, தி ரோலர் காட் தி ஹெல்ப்பர்ஸ் ஹேண்ட்.' இரு வினைக்கும் இருவர் இருக்கும் இடத்தில் இரண்டாவதே ஏற்றது. காயமுற்றவரை 'ஹிஸ்' என்னாமல் 'ஹெல்ப்பர்' என்றதும் கவனிக்கத்தக்கது. 'ஹிஸ்' என்றால் ஃபிட்டரின் கை என்றும் பொருள்பட்டுவிடும்.

விதி தெரிந்தவர்கள் மூன்றாவது ஒன்றையும் எழுதுவதுண்டு: 'தி கார்டு ஹேவிங் பீன் ரிமூவ்டு, தி ரோலர் காட் ஹிஸ் ஹேண்ட்.' காப்பு அகற்றப்பட்டிருக்க, உருளை அவர் கையைப் பிடித்தது. நம் செயவென் எச்சத்தைப் போன்ற அமைப்பு இது. எச்சத்துக்கு எழுவாய் இருப்பதால் ஆங்கில இலக்கணம் இதில் குறை காணாது. அகற்றியவர் யார் என்பது மட்டும் இதிலும் இல்லை. அதைப் பழுதுபார்ப்புப் பதிவேட்டைப் பார்த்தோ, அன்று அந்த முறைநேரத்தில் உடனிருந்தவர்களைக் கேட்டோதான் எழுத முடியும்.