பெயர் எழுதப்படாத முகங்கள்

தோட்டப்புற வரலாறு என்றதும் பால்மரம், பெரட்டு, கங்காணி, கள்ளுக்கடை என்று வரிசையாகச் சொல்லி விடுகிறோம். அந்த வரலாற்றின் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் மட்டும் தடுமாறுகிறோம். சிலியாவிலும் ரந்தாவிலும் பகாவிலும் மூன்று தலைமுறை மரம் சீவிய குடும்பங்களில், பாட்டியின் படம் ஒன்றுகூட இல்லாத வீடுகள் எத்தனை!

இன்று எல்லார் கையிலும் கேமரா உள்ள கைத்தொலைபேசி இருக்கிறது. ஆனால், வீட்டில் உள்ளவர்களை உட்கார வைத்து, வெளிச்சம் பார்த்து, பொறுமையாக முகம் பிடிப்பது தனிக்கலை. அந்தக் கலையை உலகுக்குக் காட்டியவர்களுள் முதன்மையான ஒருவர், தன் கடைசிக் காலத்தை ஒரு காப்பித் தோட்டத்தில், தமிழ்த் தொழிலாளர்கள் நடுவே கழித்தார். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன்.

கோழிக் கூண்டில் ஒரு ஸ்டூடியோ

ஜூலியா 1815ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. கணவர் சார்ல்ஸ் ஹே கேமரன் சட்ட அறிஞர். இலங்கையில் இராஜகாரியம் என்ற கட்டாய வேலை முறை ஒழிய வழிவகுத்த கோல்புரூக் - கேமரன் ஆணைக்குழுவில் பணியாற்றியவர் இவரே. அங்கேயே காப்பித் தோட்டங்களையும் வாங்கிப் போட்டார்.

1863ஆம் ஆண்டு டிசம்பரில், இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்த ஜூலியாவுக்கு அவருடைய மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. பேரன் பேத்தி எடுத்த பிறகு புதுத் தொழில் எதற்கு என்று அவர் ஒதுங்கவில்லை. நிலக்கரி போட்டு வைத்த அறை இருட்டறை ஆனது. கோழிகளைத் திறந்து விட்டு, கண்ணாடி பதித்த கோழிக் கூண்டை ஸ்டூடியோ ஆக்கிக் கொண்டார். 1864 ஜனவரியில், அக்கம்பக்கத்துச் சிறுமி ஒருத்தியின் படத்தைத் தம் முதல் வெற்றி என்று குறித்து வைத்தார்.

அன்றைய முறை இன்றுபோல் சுலபமன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசையை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படம் பிடித்து, உடனே கழுவ வேண்டும். உட்கார்ந்திருப்பவர் சில நிமிடங்கள்கூட அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. கூலி கொடுத்தாலும் இதற்கு யார் இணங்குவார்கள்? வீட்டார்தான் அகப்பட்டார்கள். கணவர், பேரப்பிள்ளை, அக்காள் தங்கை பிள்ளைகள், வீட்டு வேலைக்காரப் பெண்கள் என்று ஒருவரையும் அவர் விடவில்லை. பின்னாளில் எழுத்தாளர் வர்ஜீனியா ஊல்ஃபின் தாயாரான ஜூலியா ஜாக்சன், அவருடைய தங்கை மகள்தான். பணிப்பெண் மேரி ஹில்லியரைப் பலமுறை அன்னை மரியாளாக உட்கார வைத்தார்.

இருட்டும் வேண்டும்

அன்றைய கடைகளில் முகம் முழுவதும் சமமாக வெளிச்சம் விழும்படி படம் எடுப்பது வழக்கம். ஜூலியா திரைச்சீலைகளை இழுத்து விட்டு, வெளிச்சத்தை ஒரு பக்கமாக மட்டும் வர விட்டார். முகத்தின் ஒரு பாதி பளிச்சிட்டது. மறுபாதி மெல்ல நிழலில் கரைந்தது. நெற்றிச் சுருக்கமும் கண்ணின் ஈரமும் அப்போதுதான் தெரிந்தன.

ஹைப்போ கரைசலால் படத்தை அழியாமல் நிறுத்தும் வழி கண்ட விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலை 1867இல் படம் எடுத்தார். அதற்குமுன் அவர் தலைமுடியைக் கழுவிக் கலைத்து விடச் சொன்னாராம். நரைமுடியில் வெளிச்சம் தங்க வேண்டுமே! கறுப்புத் துணி போர்த்திய அந்த உருவத்தில் முகமும் முடியும் மட்டுமே ஒளிர்கின்றன. படங்கள் தெளிவாக இல்லை என்று புகைப்பட இதழ்கள் கேலி செய்தன. லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகமோ 1865லேயே அவற்றை வாங்கி வைத்தது.

தோட்டத்துக்கு வந்த கேமரா

1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்குக் குடிபெயர்ந்தனர். பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். அதற்குள் 1869இல் தொடங்கிய இலைத்துரு நோய் காப்பியை அரித்துக் கொண்டிருந்தது. 1877இல் ஓவியர் மேரியன் நோர்த் களுத்துறை வீட்டுக்கு வந்தபோது, 96 பாரன்ஹீட் வெயிலில் அவரைத் தென்னங்கீற்றுகளுக்கிடையே நிற்க வைத்து, இயல்பாக இருக்கும்படி சொன்னாராம் ஜூலியா.

அங்கே வேலையாட்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் அவர் படம் எடுத்தார். அக்காலக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள். இலங்கைப் படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. அதே வெளிச்சம், அதே அக்கறை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இங்கிலாந்தில் பாத்திரம் கழுவிய மேரி ஹில்லியரின் பெயர் உலகுக்குத் தெரியும். இலங்கையில் அந்தக் கேமரா முன் நின்ற பெரும்பாலோரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. முகம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர் மண்ணோடு போய் விட்டது.

ஜூலியா 1879 ஜனவரி 26இல் டிக்கோயாவில் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது.

நம் கதை

காப்பி அழிந்ததும் இலங்கைத் துரைமார்கள் சிலர் மலாயாவுக்கு வந்தார்கள். நெகிரி செம்பிலானின் சுங்கை ஊஜோங்கில் காப்பித் தோட்டங்கள் எழுந்தன. பின்னர் அவை ரப்பராயின. தொழிலாளர்களும் வந்தார்கள். அவர்களை யார் படம் எடுத்தார்கள்?

1948இல் அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் படத்தோடும் கைரேகையோடும் அடையாள அட்டை எடுக்க வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. தோட்டத் தொழிலாளர் பலருக்கு வாழ்வில் எடுத்த முதல் படம் அதுவாகத்தான் இருந்தது. நேர்ப் பார்வை, சிரிக்காத முகம், நிழலில்லாத வெளிச்சம். அது ஆளைக் கண்காணிக்க எடுத்த படம். பெயர் இருந்தது, எண் இருந்தது, மனிதர் இல்லை.

இலங்கைப் படத்தில் மனிதர் இருந்தார், பெயர் இல்லை. இரண்டையும் சேர்த்து வைக்க வேண்டியவர்கள் வீட்டாரே.

அதற்கு ஸ்டூடியோ தேவையில்லை. லயத்து வீட்டின் ஒரே சன்னல் போதும். குழல் விளக்கை அணைத்து விட்டு, பாட்டியைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார வையுங்கள். பின்னால் கருநிறக் கம்பளியைத் தொங்க விடுங்கள். நிழல் மிக அழுத்தமாக இருந்தால், எதிர்ப்பக்கம் தாத்தாவின் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தால் போதும்; வெளிச்சம் திரும்பி வரும். காலை எட்டு மணி வெயில் கனிவானது. நண்பகல் வெயில் கண்குழியைக் கறுப்பாக்கி விடும். முதல் நாள் சரியாக வராது. வாரம் ஒருமுறை பழகினால் கை தேறும். சித்திரமும் கைப்பழக்கம் அல்லவா?

படம் எடுத்த பிறகு செய்ய வேண்டிய வேலைதான் முக்கியமானது. படத்தை அச்சிட்டு, அதன் பின்னால் பெயர், பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம், ஆண்டு ஆகியவற்றை எழுதுங்கள். எந்த டிவிஷன், எந்த நிறை என்று பாட்டிக்கு நினைவிருந்தால் அதையும் சேருங்கள். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிக் கொண்டிருக்கின்றன; லயங்கள் இடிபடுகின்றன. சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி விட வேண்டும்.

நூறு ஆண்டு கழித்து யாரோ ஒருவர் அந்தப் படத்தைக் கையில் எடுக்கும்போது, இவர் யார் என்று கேட்க வேண்டிய நிலை வரக்கூடாது.