மாதிரியும் மூட்டையும்

மர்ம நாவல் என்றாலே முகம் சுளிக்கிற பெரியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களில் சிலர் ஒளித்து வைத்துப் படிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மணியையும் பதரையும் பிரிக்க எனக்குப் போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலம்தான் உரைகல். மலைச் சரிவிலிருந்து இறங்கிய காயில் ஒரு பிடி மாதிரி எடுத்து வியாபாரிகளிடம் கொடுப்பார்கள். நிறத்தையும் பருமனையும் பார்த்து அவர்கள் விலை கேட்பார்கள். மாதிரியில் கண்ட காயே மூட்டையிலும் இருக்க வேண்டும். மர்மக் கதைக்கும் இதே நியாயம்தான். கடைசியில் அவிழ்க்கிற மூட்டைக்கு முதலிலேயே மாதிரி காட்டியிருக்க வேண்டும்.

1908-ல் ஜே. ஆர். ரங்கராஜு ‘ராஜாம்பாள்’ எழுதி, துப்பறியும் கோவிந்தனைத் தந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் ‘மேனகா’வில் குடும்பக் கண்ணீரோடு மர்மத்தைக் கலந்தார், 1935-ல் அது படமாகவும் வந்தது. வசன நூல் படிக்கும் பழக்கத்தை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த புண்ணியம் இவர்களுக்கு உண்டு. ஆனால் மாறுவேஷமும் தற்செயலும் இவர்களிடம் கொஞ்சம் மலிவு. மாதிரியில் இல்லாத காய்கள் அவை.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980-களில் தொடராக வந்தது. கதை 2021-ஐ ஒட்டிய காலத்தில் நடக்கிறது. ஜீனோ என்ற இயந்திர நாய் அதில் புத்தகம் படிக்கிறது. நிஜமான 2021-ல் போடிக்கு ரயிலே கிடையாது! 2010 கடைசியில் நின்ற வண்டி 2023 ஜூனில்தான் திரும்பி வந்தது. ஆனாலும் ஜீனோவை இன்றும் நம்புகிறோம். தன் உலகத்துக்கு விதித்த விதியை ஆசிரியர் மீறவில்லை; அவ்வளவுதான் ரகசியம்.

புதிதாக எழுத வருகிறவர்கள் பேயைக் காட்டட்டும், இயந்திரத்தைக் காட்டட்டும். இது இலக்கியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் நாணயமா என்று கேளுங்கள்.