பள்ளி இறுதி மாணாக்கரும் குலப் பிரிவினையும்

மாணாக்கன் ஒருவன் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வினை எழுதிப் பள்ளியினின்றும் வெளியேறுங்கால், அவன் கற்றது எத்துணை என்பதை மதிப்பெண் காட்டிவிடும். அவன் அறிவு முதிர்ந்ததோ என்பதை எது காட்டும்? தன்னின் வேறாய பிறப்புடையான் ஒருவனோடு மனங்கோணாது ஒரே பந்தியில் அமர வல்லனோ என்பதே அதற்கு உரைகல்லாம் என்பது அடியேன் கருத்து. இதனை ஒரு சாதிச் சங்கத்தின் திங்களிதழில் எழுதுதல் பொருந்துமோ எனச் சில அன்பர்கள் ஐயுறக்கூடும். இங்கு எழுதுதலே சாலப் பொருந்தும் என்பது முடிவில் விளங்கும்.

நமது தென்காசி, சாதியினும் கல்வியே பெரிதென்னும் கொள்கைக்குப் புதிய ஊரன்று. பதினாறாம் நூற்றாண்டில் இவ்வூரிலிருந்து அரசு செலுத்திய அதிவீரராம பாண்டியர் நைடதம் பாடிய பெரும்புலவர். சிறுவர்க்கென வெற்றிவேற்கையும் இயற்றினார். மேற்குலத்தானாயினும் கல்லானேல் தாழ்ந்தவனே என்பதும், எக்குடியிற் பிறந்தாராயினும் கற்றாரை உலகம் ஏற்றுப் போற்றும் என்பதும் அந்நூலிற் காணப்படும் கருத்துக்கள். திண்ணைப் பள்ளிகளிலே நம் முன்னோர் இதனை மனப்பாடம் செய்தனர். எனினும் நூல் ஒருபுறம் நின்றது. நடை மற்றொருபுறம் சென்றது.

அவ்வாறு நடை பிறழ்ந்தமைக்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்றுண்டு. தென்காசியினின்று திருநெல்வேலிக்குச் செல்லும் இருப்புப் பாதையில் சேரன்மாதேவி என்னும் ஊர் உளது. தேசபக்தரும் கம்பனில் ஆழ்ந்த புலமையுடையவருமான வ. வே. சு. ஐயர் 1922ஆம் ஆண்டில் அங்கொரு குருகுலம் நிறுவினார். நாட்டுப்பற்றும் தாய்மொழிக் கல்வியும் கைத்தொழிலும் ஒருங்கே அளிப்பது அதன் நோக்கம். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் அதற்கு 10,000 ரூபாய் அளிக்க இசைந்து, 5,000 ரூபாயைக் கொடுத்தது. ஆனால் ஆங்குப் பிராமணச் சிறுவர் இருவர்க்குத் தனியிடத்தில் உணவளிக்கப்பட்டது. அவர்தம் பெற்றோர்க்கு அவ்வாறு வாக்களித்துவிட்டதாக ஐயர் கூறினார். பொதுப்பணத்தில் நடைபெறும் தேசியக் கல்விக்கூடத்தில் இவ்வேற்றுமை ஏன் என டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் வினவினர். வாதம் மாகாணம் முழுதும் பரவிற்று. காந்தியடிகளும் கருத்துரைக்க நேர்ந்தது. பிறப்புப் பற்றி ஏற்றத்தாழ்வு பாராட்டலாகாதெனத் தமிழ்நாட்டுக் காங்கிரஸ் குழு 1925இல் தீர்மானித்தது. ஐயர் பொறுப்பினின்றும் விலகினார்.

அதே ஆண்டு ஜூன் 3ஆம் நாள் நிகழ்ந்ததை நினைக்குந்தோறும் நெஞ்சம் நெகிழும். குருகுல மாணாக்கரோடு பாபநாசத்து அருவிக்குச் சென்றிருந்த ஐயர், கல்யாண தீர்த்தத்தில் விழுந்த தம் மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து, மகளோடு தாமும் உயிர் துறந்தார். அவரது தியாகம் பெரிது, புலமையும் பெரிது. அத்தகைய பெரியார் நடத்திய கூடத்திலேயே பந்தி இரண்டாயிற்றெனின், ஏனையோர் எத்துணை விழிப்பாயிருத்தல் வேண்டும்! இங்கு ஒன்று கருதத்தக்கது. தனிப்பந்தியை வேண்டினவர் சிறுவரல்லர், பெற்றோர். அதற்கு இசைந்தவரும் ஆசிரியரே. பிரிவினை என்பது சிறுவர்க்கு மூத்தோர் கொடுத்த சீதனமென்க.

ஒரு நூற்றாண்டு கழிந்தது. பந்தியிலிருந்த கோடு இன்று மணிக்கட்டிற்கு ஏறியுள்ளது. நம் தென்பாண்டி நாட்டுப் பள்ளிகளில் மாணாக்கர் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகிய கயிறுகளைத் தத்தம் சாதிக்கு அடையாளமாக அணிவதுபற்றி, 2019இல் பள்ளிக் கல்வித் துறையே சுற்றறிக்கை விடுக்க நேர்ந்தது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் வகுப்பைச் சார்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கன் ஒருவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும், அவன் பள்ளி மாணாக்கரே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துருவின் ஒரு நபர் குழு, 2024ஆம் ஆண்டு ஜூனில் அறிக்கை அளித்தது. சாதி காட்டும் கயிறுகளை விலக்குக. பள்ளிப் பெயர்களிற் சாதிச் சொல்லை நீக்குக. அகரவரிசைப்படி மாணாக்கரை அமர்த்துக என்பன அதன் பரிந்துரைகளுட் சில. வெட்டுண்ட அம்மாணாக்கனோ அவ்வாண்டே தேர்வெழுதி நன்கு தேறினான். முதிர்ச்சி யாது என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுமோ?

அடியேன் கண்ட ஒன்றையும் கூறுவல். ஒரு சாரற் காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மாணாக்கரைக் குற்றாலத்திற்கு அழைத்துச் சென்றிருந்தோம். பேரருவியின்கீழ் எல்லோரும் தோளோடு தோள் உரசி நின்று ஆரவாரித்தனர். கரையேறிக் கட்டுச்சோற்றைப் பிரித்தபொழுது, எவரும் ஏவாமலே மூன்று வட்டங்களாயினர். உற்று நோக்கினேன், வட்டத்திற்கு ஒரு நிறக் கயிறு. ஒருவனை அழைத்து, “தம்பி, இக்கயிறு உனக்கு ஏது?” என்றேன். “சங்கத்து விழாவில் கட்டினார்கள், ஐயா” என்றான். எந்தச் சங்கமென நான் வினவவில்லை. அந்நிறம் நான் அறிந்த நிறமே. பின்னர் ஆசிரியராகிய யாங்கள் எவ்வாறு அமர்ந்திருக்கின்றோம் எனத் திரும்பி நோக்கினேன், நாணினேன்.

அன்பர்களே! நம்மனோர் சங்கங்கள் தோன்றியது கல்விப் பசியினால். எழுத்தறியாத குடிகளில் எழுத்தறிவு பரவ, விடுதியும் உதவிப்பணமும் அளித்தவை அவை. அத்தொண்டு குறைவுபடலாகாது. ஆயின் ஏடு கொடுத்த கையே கயிறும் கட்டுமாயின், முன்னதன் பயனைப் பின்னது அழித்துவிடும். பள்ளியை விட்டுக் கல்லூரிக்கோ தொழிலுக்கோ செல்லும் இளைஞன் அயலாரோடு வாழவேண்டியவன். அதற்கு அவனைப் பழக்காத கல்வி குறைக்கல்வியே.

ஆதலின் ஒரு விண்ணப்பம். நமது ஆண்டுவிழாவில் இனி மாணாக்கர் கையில் நூலொன்று கொடுப்போம், கயிறு வேண்டா. பரிசு பெறும் நம் பிள்ளைகள் பிறகுலத்துத் தோழர் ஒருவரையேனும் உடனழைத்து வருக; அன்றைய பந்தி ஒன்றாகவே இருக்கட்டும். முதல் இலையில் நாம் அமர்வோம்; பிள்ளைகள் பின்பற்றுவர்.