கைரேகையும் பதிவேடும்

அருவங்காடு என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது வெடிமருந்துத் தொழிற்சாலை. இதுபோன்ற அரசு நிறுவனங்களில் தேர்வாகிறவர்கள் போலீஸ் சரிபார்ப்பையும் தாண்ட வேண்டும். எப்போதோ பதிவான ஒரு வழக்கு அங்கே குறுக்கே நிற்கலாம். தண்டனை முடிந்த பிறகும் பதிவு தொடர வேண்டுமா? தமிழகத்தில் இந்தக் கேள்விக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

1871ல் ஆங்கிலேய அரசு குற்றப்பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1911ல் அது புதிதாக இயற்றப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒருவர் குற்றம் செய்தாரா என்பதை விட, எந்தச் சமூகத்தில் பிறந்தார் என்பதையே அது பார்த்தது. பெயரைப் பதிந்து கைரேகை எடுத்ததால் மக்கள் இதை 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர். பதிவானவர்களின் நடமாட்டம் போலீசின் கண்காணிப்பில் இருந்தது.

உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் கள்ளர் சமூகத்தினர் கைரேகை தர மறுத்தனர். 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் உயிரிழந்தனர். மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர் போன்றோரும் இச்சட்டத்தை எதிர்த்துப் போராடினர். 1947ல் சென்னை மாகாணத்திலும், 1952ல் நாடு முழுவதிலும் சட்டம் நீக்கப்பட்டது.

ஆனால் 1948லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் சென்னையில் வந்துவிட்டது. பிறப்பை வைத்துப் பதியும் முறை போனது. பழைய தண்டனைகளை வைத்துக் கண்காணிக்கும் முறை வந்தது.

தனிமனிதரின் பதிவை அழிப்பதில் இந்தியச் சட்டம் தெளிவாக இருப்பது சிறார் விஷயத்தில்தான். 2015ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மேல்முறையீட்டுக் காலம் போன்றவை முடிந்ததும் தண்டனைப் பதிவுகளை அழிக்கச் சொல்கிறது. கொடிய குற்றத்துக்காகப் பெரியவர் போல விசாரிக்கப்பட்டு, குற்றம் நிரூபணமான 16 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும் இதில் விதிவிலக்கு. பெரியவர்களுக்கு இப்படி ஒரு பொதுவான சட்டம் இல்லை. இங்கிலாந்தில் 1974லேயே, குறிப்பிட்ட காலம் குற்றமின்றி வாழ்ந்தால் பல பழைய தண்டனைகளைச் சொல்லத் தேவையில்லை என்று சட்டம் செய்தார்கள்.

வழக்கில் விடுதலையானவருக்கும் சிக்கல் உண்டு. இணையத்தில் உள்ள தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கோரிய ஒருவரின் மனுவை 2021ல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறைப் பதிவேடுகளில் சாதியைக் குறிக்கும் கட்டத்தையே நீக்கச் சொன்னது. குற்றப்பரம்பரைச் சட்டம் ஒழிந்து 72 ஆண்டுகள் கழித்து வந்த உத்தரவு இது. சட்டத்தை நீக்கினால் மட்டும் போதாது, பதிவேட்டையும் திருத்த வேண்டும் என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம்.