படுதா போய்க் கண்ணாடி வந்த கதை

கார் கதவின் உள்பக்கம் ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும். சுற்றினால் கண்ணாடி இறங்கும், திருப்பிச் சுற்றினால் ஏறும். நம் வயதுக்காரர்கள் எல்லோரும் சுற்றியிருப்போம். இப்போது அதுவும் போய்ப் பொத்தான் வந்துவிட்டது. ஆனால் எம்.ஜி., டிரையம்ப், ஆஸ்டின் ஹீலி என்று நாம் வாய் பிளந்து பார்க்கும் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றில், 1960 வாக்கில் வரைக்கும் அந்தக் கைப்பிடியும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது.

சென்னையில் பழைய கார்களின் அணிவகுப்பு நடக்கும்போது நான் தவறாமல் போவேன். அங்கே எம்.ஜி. கார் ஒன்றைச் சுற்றி நின்றவர்களில் ஒரு இளைஞர், "சார், இதுல கண்ணாடி உடைஞ்சு போச்சா?" என்று கேட்டார். உடையவில்லை தம்பி, வைக்கவே இல்லை என்றேன். ஏன் வைக்கவில்லை, பிறகு எப்படி வந்தது என்பதை அங்கே நின்றுகொண்டு சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கண்ணாடி இல்லையென்றால் மழைக்கு என்ன செய்தார்கள்? படுதாதான். நம் ஊர் ஆட்டோவில் மழைக்காலத்தில் பக்கவாட்டில் ரெக்சின் படுதா தொங்கவிடுவார்களே, அதன் சீமைத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உலோகச் சட்டம், அதைச் சுற்றித் துணி, நடுவில் பார்ப்பதற்கு ஒளி ஊடுருவும் தகடு. சட்டத்தின் கீழே இருக்கும் கால்களைக் கதவின் மேல் உள்ள பொருத்தில் செருகித் திருகிவிட வேண்டும். வெயில் அடித்தால் கழற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடலாம். எம்.ஜி. டி.சி. காரில் இவற்றை அடுக்கி வைப்பதற்கென்றே பின்னால் ஓர் அறை இருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காலத்தில் வலப்பக்கம் திரும்புவதற்குக் கையை வெளியே நீட்டிச் சிக்னல் காட்ட வேண்டும். படுதா போட்டிருந்தால் கையை எப்படி நீட்டுவது? அதற்காக ஓட்டுநர் பக்கத்துப் படுதாவில் மட்டும் தூக்கித் திறக்கும் மடிப்பு ஒன்று வைத்தார்கள். இன்னொரு வேடிக்கை: 1948ல் வந்த ஜாகுவார் எக்ஸ்.கே. 120, 1953ல் வந்த டிரையம்ப் டி.ஆர். 2, 1955ல் வந்த எம்.ஜி.ஏ. ஆகிய திறந்த கார்களுக்குக் கதவின் வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. கையை உள்ளே விட்டு, அங்கிருக்கும் கயிற்றை இழுத்துத் திறக்க வேண்டும். பூட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

அரசுப் பணியில் இருந்தபோது படுதா போட்ட ஜீப்பில் நான் நிறையச் சுற்றியிருக்கிறேன். மழையில் மலைப்பாதையில் போனால், வெளியே எவ்வளவு மழையோ அதில் கால்வாசி மடியில் விழும். காற்றில் படுதா படபடவென்று அடிக்கும். பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். அதனால் லண்டன் மழையில் எம்.ஜி. ஓட்டியவர் பட்ட பாடு எனக்குப் புரிகிறது. அவருக்குக் கூடுதலாகக் குளிரும் இருந்தது.

பார்வைத் தகடும் ஒரு தொல்லை. ஆரம்பத்தில் செல்லுலாய்டு போட்டார்கள். அது நாளாக ஆக மஞ்சளடித்துப் போகும், எளிதில் தீப்பிடிக்கவும் செய்யும். 1930களில் ஐ.சி.ஐ. கம்பெனி பெர்ஸ்பெக்ஸ் என்ற தெளிவான பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் தலைக்கு மேல் கூண்டாக இருந்தது அதுதான். போர் முடிந்தபின் கார்ப் படுதாவுக்கும் வந்தது. நிறம் அவ்வளவாக மாறாது. ஆனால் கீறல் விழும். தூசி படிந்ததை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், எதிர் வெயிலில் ஒன்றும் தெரியாது.

இவ்வளவு தொல்லையையும் ஏன் சகித்தார்கள்? கஞ்சத்தனம் மட்டும் காரணம் இல்லை. கண்ணாடியை இறக்க வேண்டுமென்றால் அது போய் ஒளிந்துகொள்ளக் கதவுக்குள் இடம் வேண்டும். அதாவது கதவு தடிமனாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும். உள்ளே கண்ணாடியைத் தூக்கும் இயந்திரம், அது ஓடும் தடம், ரப்பர் பீடிங் எல்லாம் வேண்டும். குறுகலான சின்னக் காரில் இரண்டு பக்கக் கதவும் தடித்தால் உட்காருபவரின் தோளும் முழங்கையும் எங்கே போகும்? அதனால் மெல்லிய கதவாகச் செய்து, அதன் மேல்விளிம்பையும் தாழ்வாக வெட்டிவிட்டார்கள். முழங்கையைக் கதவுக்கு மேல் போட்டுக்கொண்டு பெரிய ஸ்டியரிங்கைத் திருப்பலாம். எடையும் குறைவு, விலையும் குறைவு. பந்தயக் காரின் வாரிசு என்ற பெருமை வேறு.

ஜெர்மனியில் இதே சிக்கல் வேறு விதமாக வந்தது. 1954ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காரைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். பறவை இறக்கையை விரிப்பதுபோல் கதவு மேல்நோக்கித் திறக்கும். அழகுக்காக அப்படிச் செய்யவில்லை. காரின் எலும்புக்கூடு மெல்லிய குழாய்களால் ஆனது. பக்கவாட்டில் அந்தக் குழாய்கள் உயரமாக ஓடியதால் வழக்கமான கதவுக்கு இடமில்லை. கதவின் கீழ்ப்பகுதி குட்டையாகிவிட்டதால் கண்ணாடி இறங்க வழியில்லை. காற்று வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டு இருக்கைக்குப் பின்னால் வைக்க வேண்டும். உலகத்திலேயே வேகமான கார்களில் ஒன்று, உள்ளே அடுப்பங்கரை மாதிரி வெப்பம். 1957ல் அதையே திறந்த காராக மாற்றியபோது பக்கக் குழாய்களைத் தாழ்த்தி, சாதாரணக் கதவும் இறங்கி ஏறும் கண்ணாடியும் வைத்தார்கள். ஒரு கண்ணாடிக்காகக் காரின் எலும்புக்கூட்டையே திருத்த வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கார்களுக்கெல்லாம் பெரிய சந்தை அமெரிக்கா. போரினால் நொடித்துப் போயிருந்த பிரிட்டன், ஏற்றுமதி செய்தால்தான் பிழைப்பு என்ற நிலையில் இருந்தது. அமெரிக்கருக்கோ வீட்டில் நிற்கும் சாதாரண செவர்லேயிலேயே கண்ணாடி சுகமாக ஏறி இறங்கும். 1953ல் செவர்லே கம்பெனியே சீமைக் காரைப் பார்த்து கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. படுதாவையும் கைப்பிடி இல்லாத கதவையும்கூட அப்படியே எடுத்துக்கொண்டது. அடுத்து ஃபோர்டு கம்பெனி தண்டர்பேர்டு என்ற இரண்டு சீட் காரை விட்டது. அதில் முறையான கண்ணாடி, சொகுசான உள்பக்கம். 1955 மாடலில் தண்டர்பேர்டு 16,000க்கு மேல். கார்வெட் வெறும் 700. கண்ணாடி ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1956 கார்வெட்டில் ஏறி இறங்கும் கண்ணாடியும் வெளிக் கைப்பிடியும் வந்துவிட்டன. கம்பெனிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

போர்ஷேயின் கதை இன்னும் சுவையானது. நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்த மாக்ஸ் ஹாஃப்மன், மலிவாக ஒரு போர்ஷே வேண்டும் என்று கேட்டார். 1954ல் ஸ்பீட்ஸ்டர் வந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டுப் படுதா கொடுத்து, விலையை 3,000 டாலருக்குள் கொண்டுவந்தார்கள். கலிபோர்னியா வெயிலில் பெயர் வாங்கியது. ஆனால் 1958ல் அதன் இடத்துக்கு வந்த காரில் உயரமான முன்கண்ணாடியும், கதவில் ஏறி இறங்கும் கண்ணாடியும் திரும்ப வந்துவிட்டன.

பிரிட்டிஷ் கம்பெனிகள் தயங்கித் தயங்கித்தான் மாறின. 1956ல் மூடிய கூரையோடு வந்த எம்.ஜி.ஏ.யில் கண்ணாடி உண்டு, திறந்த காரில் இல்லை. 1959ல் எம்.ஜி.ஏ. 1600ல் படுதாவின் தகட்டை மட்டும் பக்கவாட்டில் தள்ளித் திறக்கும்படி செய்தார்கள். கையை வெளியே விட, காற்று வாங்க அது போதும். கதவைத் தொடாமல் செய்த மாற்றம் இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

1961ல் டிரையம்ப் துணிந்தது. அடிச்சட்டத்தைப் பெரும்பாலும் பழையபடியே வைத்துக்கொண்டு, இத்தாலியரான மிக்கெலோட்டியிடம் புதிய உடலை வரையச் சொன்னது. டி.ஆர். 4 பிறந்தது. அகலமான உடல், தடித்த கதவு, ஏறி இறங்கும் கண்ணாடி, முகத்துக்கு நேரே காற்று வரும் துளைகள். இந்த மிக்கெலோட்டி நமக்கும் கொஞ்சம் சொந்தம். நம் சென்னையில், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில் செய்த ஹெரால்டு காரின் உருவத்தை வரைந்தவரும் அவரேதான்.

டி.ஆர். 4ஐப் பார்த்த அமெரிக்க விற்பனையாளர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? எங்கள் வாடிக்கையாளர்களுக்கு இது பிடிக்குமோ பிடிக்காதோ, பழைய மாதிரியையும் கொடுங்கள் என்றார்கள். 1962ல் அவர்களுக்காகவே படுதா வைத்த பழைய உடலில் டி.ஆர். 3பி என்று தனியாகச் செய்து அனுப்பினார்கள். நனைந்தாலும் பரவாயில்லை, கார் கார் மாதிரி இருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள் அவ்வளவு பேர் இருந்தார்கள். ஆனால் அது ஒரு வருடக் கூத்துதான்.

அதே 1962ல் எம்.ஜி.பி. கண்ணாடியோடு வந்தது. ஆஸ்டின் ஹீலி 3000ம் மாறியது. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் பிறக்கும்போதே கண்ணாடியோடு பிறந்தது. போட்டி தாங்காமல் 1964ல் குட்டி எம்.ஜி. மிட்ஜெட்டும் மாறியது. எம்.ஜி.பி. வகைக் கார்கள் 1980 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் உற்பத்தியாயின. பூட்டிவிட்டுப் போகலாம், ஆபீசுக்கு ஓட்டலாம், மழையில் வீட்டாரைக் கூட்டிப் போகலாம். ஞாயிற்றுக்கிழமைப் பொம்மையாக இருந்தது தினசரி வண்டியாக மாறியது.

இழப்பும் உண்டு. பழைய மிட்ஜெட்டின் கதவு உள்ளே வெறும் கூடு. கையுறை, வரைபடம், தண்ணீர் பாட்டில் எல்லாம் போடலாம், முழங்கைக்கும் இடம் கிடைக்கும். கண்ணாடி வந்ததும் அந்தக் குழி போய்விட்டது.

இப்போது இன்றைக்கு வருவோம். படுதாக் காலத்துக் கார் வைத்திருப்பவர்கள் சிலர், "இதில் கண்ணாடி ஏற்றும்படி மாற்றிவிடலாமா?" என்று யோசிக்கிறார்கள். மெக்கானிக் எதையும் முடியாது என்று சொல்ல மாட்டார். டிங்கரிங் கடையில் கதவை வெட்டி ஒட்டி ஏதோ செய்துவிடவும் கூடும். என் கருத்து, வேண்டவே வேண்டாம். மேலே சொன்ன கதை முழுவதும் ஒன்றைத்தான் சொல்கிறது. கண்ணாடி வைக்க வேண்டுமென்றால் அந்தப் பெரிய கம்பெனிகளே கதவை மாற்ற வேண்டியிருந்தது. கதவுக்காக உடலை மாற்றின, ஒருவர் குழாய்ச் சட்டத்தையே தாழ்த்தினார். அவர்கள் புதிதாக வரைந்து செய்ததை, நாம் பழைய தகட்டை வெட்டிச் செய்ய முடியாது. வெட்டிய தாழ்ந்த கதவு திரும்பி வராது.

அதற்காக நனைந்துகொண்டே ஓட்ட வேண்டும் என்பதும் இல்லை. 1959ல் எம்.ஜி. செய்த வழி இருக்கிறது: கதவை விட்டுவிட்டுப் படுதாவை மாற்றுங்கள். பழைய அளவிலேயே புதிய சட்டம் செய்து, நல்ல பெர்ஸ்பெக்ஸ் போட்டு, தள்ளித் திறக்கும்படி வைத்துக்கொள்ளலாம். அதே பொருத்துகளில் உட்காரும். நாளை உங்கள் பேரன் பழையபடி வேண்டும் என்றால் இரண்டு திருகைக் கழற்றினால் போதும். ஆனால் கழற்றிய பழைய படுதாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். இந்தக் கார்களில் எளிதில் தொலைந்துபோகும் பாகம் அதுதான். கழற்றிப் பரணில் வைத்தது, வீடு மாறும்போது காணாமல் போய்விடும். சட்டம் ஒன்று கையில் இருந்தால் அதைப் பார்த்து இன்னொன்று செய்யலாம். அதுவும் இல்லையென்றால் எதைப் பார்த்துச் செய்வது?

பழைய படுதா யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், இந்த வாரமே இறக்கித் துடைத்து, எந்தக் காருடையது என்று ஒரு சீட்டு எழுதிக் கட்டி வையுங்கள்.